கனடாவுக்கு ஒரு பதிவுத் தபால்

மல்லாவித் தபாற்கந்தோரில் விமலேஸ்வரி நீட்டிய கடிதவுறையின் நாலு மூலையிலும் மஞ்சள் பூசியிருந்தது.

உள்ளே மகள் யதுர்ஷிகாவின் கலியாண அட்டை. கூடவே, விமலேஸ்வரி தன் கைப்பட எழுதிய கடிதம்.

மற்ற எல்லோருக்கும் அட்டையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று. வெளிநாட்டுச் சொந்தங்களும் கைகூப்பி, ரோசாப்பூப் போட்டுவிட்டார்கள். புருசன் தவராசாவுக்கு மட்டும் அந்த வழி இல்லை.

கனடாவுக்குக் கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன் என்று வாய்ப்பந்தல் போட்டவன், அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் தொடங்கிவிட்டான். "அப்பா, நான் கம்பசுக்கு எடுபட்டிட்டன்" என்று, பல்கலைக்கழக அனுமதி கிடைத்த மகள் ஆசையாய் அனுப்பிய சேதியைப் பார்த்த அன்றைக்கே தாயையும் மகளையும் புளொக் பண்ணினான்.

மகள் அழவில்லை. அதை நினைத்தால்தான் விமலேஸ்வரிக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

போனில் புளொக் பண்ணலாம். வாசலில் நின்று கையெழுத்துக் கேட்கிற தபால்காரனை என்ன செய்வான்?

அட்டை அச்சடிக்க முதலே அவனுடைய தங்கச்சியிடம் முகவரி வாங்கி வைத்திருந்தாள். அண்ணனோடு ராசியாகப் போகிறாளாக்கும் என்று அந்தச் சீவன் உருகி உருகிக் கொடுத்தது.

பேனை பிடித்துக் கனகாலம். எழுத்து கோணல்மாணலாக வந்தது. கிழித்துக் கிழித்துப் போட்டு, மணிமணியாக வரும்வரை எழுதினாள். பாவி கண்ணாடி தேடாமல் வாசிக்க வேண்டும்.

கவுண்டரில் இருந்த பிள்ளை பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தவராசா அண்ணைக்கோ அனுப்புறியள்? நீங்கள் பெரிய மனசுக்காரி அக்கா. இந்தக் காலத்திலை ஆர் கையாலை கடிதம் எழுதுகினம்!"

"எழுதினால்தான் பிள்ளை, கையிலை வைச்சுத் திருப்பித் திருப்பி வாசிக்கலாம்."

முத்திரை ஒட்டி, சீல் குத்தி, கடிதம் பைக்குள் விழுந்தது. விமலேஸ்வரிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அட்டையில் மணமகளின் பெற்றோர் பெயர் வருகிற இடத்தில், "காலஞ்சென்ற தவராசா, விமலேஸ்வரி தம்பதியரின் ஏகபுத்திரி" என்று பொன்னெழுத்தில் இருந்தது.

பூப் போட்டவர்களில் ஒருவர்கூட அதைப் பிழை என்று சொல்லவில்லை. செத்தவனுக்கு மட்டுந்தான் இன்னும் சேதி போகவில்லை.

கடிதத்தில் அவள் அதிகம் எழுதவில்லை.

"அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம். அந்தச் சொல்லைப் போடச் சொன்னது உங்கடை மகள்."