கூடாரத்தின் கம்பி

பதினான்கு நாள் மலைநடைக்காக வேலப்பன் ஆறு மாதம் தயாரானார். முதுகுப்பையில் மணலை நிரப்பிக்கொண்டு அடுக்குமாடிப் படிகளில் தினமும் ஏறி இறங்கினார். சமையலறைத் தராசில் ஒவ்வொரு பொருளாக வைத்து நிறுத்தார். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக அறுத்தார். எல்லாம் அவர் மனைவி கோமளாவின் வழக்கம். இருவரும் சேர்ந்துதான் இந்த நடைக்குப் போவதாக இருந்தது. போன ஆடியில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவளுடைய பையை மட்டும் அவர் இன்னும் திறக்கவில்லை. கடைசியாக நிறுத்தபோது அவருடைய பை எட்டே கிலோதான் வந்தது. கோமளா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நாள் பதினெட்டுக் கிலோமீட்டர் நடந்து, புல்மேட்டில் கூடாரத்துணியை விரித்த பிறகுதான், அதை நிமிர்த்தக் கம்பி இல்லை என்று தெரிந்தது. துணி அவர் பையில், கம்பி அவள் பையில். இருபது வருடமாக அதுதான் பங்கு. "அப்பத்தான் சண்டை போட்டாலும் என்ன விட்டுட்டு முன்னாடி ஓட மாட்டீங்க" என்பாள்.

தூறல் விழ ஆரம்பித்தது. பக்கத்தில் கூடாரம் அடித்திருந்த பெண் ஓடி வந்தாள்.

"என்னண்ணா சும்மா நிக்கிறீங்க? கம்பி எங்க?"

"என் வீட்டுக்காரி பையில இருக்கும்மா."

வேலப்பன் ஏறி வந்த பாதையை அவள் எட்டிப் பார்த்தாள். "அவங்க ரொம்பப் பின்னாடி வர்றாங்களா?"

வேலப்பனும் திரும்பி, நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தார்.