வேலிக்குள் வந்தவர்கள்

மார்ச் மூன்றாம் தேதி, கடற்கரையின் வடக்கு மூலையில் நண்டுகளைக் காக்க நகராட்சி போட்ட வேலிக்குள் பதினொரு நண்டு வளைகள் இருந்தன. வேலிக்கு வெளியே, ஜனங்கள் நடக்கும் மணலிலும் அதே பதினொன்று.

"வித்தியாசமே இல்லைன்னா வேலி எதுக்கு மேடம்? அடுத்த மாசம் பிரிச்சிடுவோம்" என்றார் நகராட்சிப் பொறியாளர்.

கடலோர உயிரினங்களை ஆராயும் அவள் அசரவில்லை. "ஆள் மிதிச்சா வளை மூடிக்கும், நண்டு இடத்தைக் காலி பண்ணிடும். யாரோ உள்ளே வர்றாங்க சார். கையும் களவுமாப் பிடிச்சுக் காட்டறேன்."

அன்றே வேலிக் கம்பத்தில் கேமரா மாட்டினாள்.

வீட்டில் கணவன் ஏற்றிவிட்டான். "பந்து விளையாடற பசங்கதான். சும்மா விடாதே."

"விடுவேனா? நேரா போலீஸ்தான்."

வாரக் கடைசியில், ஆளைப் பார்க்கும் ஆசையில் கணவனும் பொறியாளர் அறைக்குக் கூட வந்தான். படம் ஓடியது. பந்துப் பையன்கள் வேலிவரை வந்து திரும்பினார்கள். நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் தினமும் காலையும் மாலையும் இரண்டு பேர் பூட்டைத் திறந்து நுழைந்து, ஒரு மூலை விடாமல் மிதித்து நடந்தார்கள். முன்னால் வளைகளை எண்ணியபடி அவள். பின்னால் குடை பிடித்தபடி கணவன்.

கணவன் கையிலிருந்த குடையை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

பொறியாளர் தொண்டையைச் செருமினார். "போலீசுக்கு நானே போன் போடட்டுமா மேடம்?"

"நான் சொன்னது சரிதானே சார்? ஆள் மிதிச்சதுதான் காரணம்." அவள் குரல் துளியும் இறங்கவில்லை. "மிதிக்காம விட்டா திரும்பி வரும், பாருங்க." வேலியின் சாவியை அவர் மேசைமேல் வைத்தாள்.

அடுத்த மாதம் கேமரா படத்திலேயே எண்ணினாள். வளைகள் நாற்பத்திரண்டு.

வேலி பிரிக்கப்படவில்லை.