எட்டு முதல் பத்து வரை

ஐந்து மணி ஆக இருபது நிமிடம் இருந்தது. காலை எட்டு முதல் பத்து வரை உட்கார இன்னும் ஆள் கிடைத்தபாடில்லை.

கல்லூரி நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசைக்கு, படிக்கிற பிள்ளைகளையே பகுதிநேரமாக எடுப்போம். ஆள் பிடிப்பது என் பொறுப்பு. நான்கு இடத்தில் மூன்றை நிரப்பிவிட்டேன். காலை இடம் மட்டும் பல்லை இளித்தது.

மாடியிலிருந்து நூலகர் போன் செய்தார்.

“அஞ்சு மணிக்குள்ள ஆள் போட்டுடுங்க. இல்லன்னா நாளையிலேர்ந்து காலையில நீங்களே வந்து உக்காரணும்.”

பட்டென்று வைத்துவிட்டார்.

எழுந்து ஜன்னல் வரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். பேனா மூடியைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். எனக்குப் பத்து மணிக்குத்தான் வேலை. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தைத் தலையே போனாலும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

காலையிலிருந்து பதினோரு பேர் வந்துவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்கு எட்டு மணிக்கு வகுப்பு. மீதிப் பேருக்கு வகுப்பு இல்லை, ஆனால் காலையில் எட்டு மணி என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பதினோரு மணிக்கு வரச் சொன்ன ஒரு மகராசன், மூன்று மணிக்குக் கொட்டாவியோடு வந்து நின்றான். அவனை எட்டு மணிக்கு எழுப்ப இன்னொரு ஆள் எடுக்க வேண்டும்.

பொறுக்க முடியாமல் நேற்றே அறிவிப்புப் பலகையில் சிவப்பு மையால் ஒரு வரி சேர்த்திருந்தேன். ‘காலை எட்டு முதல் பத்து வரை வருபவருக்கு வேலை உறுதி.’

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முதலாம் ஆண்டு. ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நீட்டினாள்.

எங்கள் விண்ணப்பத்தில் வாரம் முழுவதற்கும் மணிவாரியாகக் கட்டம் போட்டிருக்கும். வகுப்பு உள்ள கட்டத்தை நிரப்ப வேண்டும், மற்றதை வெறுமனே விட வேண்டும். முதல் மாதம் கால அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பென்சிலால்தான் நிரப்ப வேண்டும் என்பது நானே வைத்த சட்டம்.

ஐந்து நாளும் எட்டு முதல் பத்து வரை வெள்ளையாக இருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவளுக்கு மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

கையெழுத்துப் போடத் தாளை நேராக வைத்தபோதுதான் விரலில் உறுத்தியது. அந்தப் பத்துக் கட்டங்களில் மட்டும் தாள் நைந்து பஞ்சு எழும்பியிருந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அழுத்தி அழுத்தித் தீட்டிய கோடுகள் அப்படியே பள்ளமாகத் தெரிந்தன. மடிப்பில் இன்னும் ரப்பர்த் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. அறிவிப்பைப் படித்துவிட்டு வாசலிலேயே நின்று அழித்திருக்கிறாள்.

“எட்டு மணிக்கு உனக்குக் கிளாஸ் இல்லையாம்மா?”

“இல்ல மேடம். காலையில நான் சும்மாதான் இருக்கேன்.” நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இந்த வேலை கெடைக்கலன்னா விடுதியக் காலி பண்ணிட்டு வீட்டுக்குப் போயிடணும் மேடம். அப்புறம் என் படிப்பு அவ்வளவுதான்.”

படிப்பதற்காகத்தான் வகுப்பை அழித்திருக்கிறாள்.

அவளுடைய துறையின் எண் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. ஒரு போன் போட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இல்லை, பத்து மணிக்கு மேலான நேரத்தை வாங்கியிருந்த மூன்று பேரில் ஒருவரைக் கூப்பிட்டுக் கெஞ்சி, மாற்றிப் பார்க்கலாம். அவர்களுக்கும் எட்டு மணிக்கு வகுப்பு. இல்லையென்றால், காலையில் நானே உட்கார்ந்துகொண்டு, பத்து மணிக்கு மேல் மேசையில் நான் உட்காரும் நேரத்தில் இவளை உட்கார வைக்கலாம். நூலகர் முணுமுணுப்பார், ஆனால் ஒத்துக்கொள்வார். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தேன். அது நின்றதும் விரல்கள் மேசையைத் தட்ட ஆரம்பித்தன. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்துக்கு மூன்று நிமிடம்.

கையெழுத்துப் போட்டேன்.

அவள் எழுந்து கும்பிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சரியாக எட்டு மணிக்கு வந்துவிட வேண்டும், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று சற்றுக் கடுமையாகவே சொல்லி அனுப்பினேன். படியில் அவள் இரண்டிரண்டாகத் தாவி இறங்கும் சத்தம் கேட்டது.

கதவு சாத்திக்கொண்டதும் போனை எடுத்தேன். முதல் மணியிலேயே வீட்டில் என் மகள் எடுத்துவிட்டாள். போனுக்குப் பக்கத்திலேயே காத்துக்கிடந்திருப்பாள்.

“அழாதடி கண்ணு, ஆள் கெடைச்சாச்சு. நாளையிலேர்ந்து தினமும் அம்மாவே கொண்டுபோயி விடுறேன். எட்டு மணிக் கிளாஸ மட்டும் ஒரு நாள்கூட விட்டுடக் கூடாது. விட்டா, அப்புறம் புடிக்கவே முடியாது.”