கடந்துபோன படகு

கால்வாயில் படகுகள் கடக்க மதகுக் கதவைத் திறந்துவிடுவது மங்கையர்க்கரசியின் வேலை. ஜன்னலுக்கு வெளியே சவரிமுத்துவின் சரக்குப் படகு நின்றுகொண்டிருந்தது. கணினித் திரையிலோ அது எப்போதோ மதகைக் கடந்து போயிருந்தது. போய்விட்ட படகுக்காகக் கதவு திறக்க மறுத்தது.

"இன்ஜின்ல கை மாட்டிருச்சும்மா, பையனுக்கு ரத்தம் நிக்கல. ஆஸ்பத்திரி மதகுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. தொறங்கம்மா!" என்று வயர்லெஸ்ஸில் கதறினார் சவரிமுத்து.

தலைமை அலுவலகத்தை அழைத்தாள். "அந்தப் படகு சரக்கே இறக்கிடுச்சே மேடம்," என்றார் அங்கிருந்தவர்.

"என் கண்ணு முன்னாடி நிக்குது சார்!"

"சிஸ்டத்துல அப்படி இல்லையே."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே ஓடி, துருவேறிய கைச்சக்கரத்தைத் திருகினாள். அசையவில்லை. சவரிமுத்துவும் கரைக்குத் தாவி வந்து கை கொடுத்தார். கதவு முனகிக்கொண்டே விலக, அவர் தாவி ஏறியதும் படகு உள்ளே நகர்ந்தது.

போன் அடித்தது.

"மேடம், யாரோ அனுமதியில்லாம மதகுக்குள்ள நுழையிறாங்க. உடனே கதவ மூடுங்க."