மகன் அனுப்பிய சேலைன்

“அக்கா, படலையைத் திறவுங்கோ!”

“திறக்க மாட்டன்.”

நோயாளியைப் பராமரிக்கும் வேலைக்கு வந்த ரஜிதா படலைக்குக் குறுக்கே நின்றாள். வெளியே ஒரு வெள்ளை வான். ‘வீடு தேடி விட்டமின்’ என்று அதில் கொட்டை எழுத்து, பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு தோடம்பழம். வெள்ளைக் கோட் போட்ட இரண்டு பெடியள் இறங்கி நின்றார்கள். ஒருவன் கையில் சேலைன் போத்தல், அதன் கழுத்தில் சிவப்பு றிபன். மற்றவன் கையில் கமரா.

செய்தி கேட்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்த விஜிதரனுக்குக் கோபம் தலைக்கேறியது. வேலைக்கு வந்தவள் வீட்டுக்காரியாகிவிட்டாளே!

“என்ன ரஜிதாக்கா இது? கோகுலன் அண்ணை லண்டனிலயிருந்து தகப்பன்ர பிறந்தநாளுக்கு அனுப்பின பரிசு. மறிக்க நீங்க ஆர்?”

“ஐயாவுக்கு நெஞ்சு வருத்தம் தம்பி. குடிக்கிற தண்ணியையே அளந்து குடுக்கச் சொல்லிக் கிளினிக்கில சொன்னவை. உவ்வளவு பெரிய போத்தலை எப்பிடி ஏத்திறது? டொக்டரிட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டு வரட்டும். நானே திறந்து விடுறன்.”

“ரெண்டாவது கோப்பை தேத்தண்ணி கேட்டாலும் தரமாட்டாள். கஞ்சப்பிசினாறி!” என்று உள்ளே கட்டிலில் கிடந்த விஜிதரனின் பெரியப்பா கனகலிங்கம் குரல் கொடுத்தார்.

விஜிதரன் தலையைச் சொறிந்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பெரியப்பாவைப் பார்க்க ஆள் பிடிப்பது அவன் பொறுப்பு. கோகுலனுக்குப் பிடித்த ஆளைத் தேடுவதைவிடப் பல்லுப்போன மாப்பிள்ளைக்குப் பொம்பிளை தேடுவது சுகம். வயது கூடவும் கூடாது, குறையவும் கூடாது. போன் பார்க்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகக்கூடாது. முதல் வந்தவள் கதிரையில் இருந்தாள் என்று, சுவரில் பூட்டிய கமராவில் கண்டு லண்டனிலிருந்தே கலைத்துவிட்டான். அடுத்தவள் சமைத்ததில் புளி கூடிவிட்டதாம். சொந்த ஊரான முரசுமோட்டையில் ஆள் இல்லாமல், கனகராயன்குளம் வரை அலைந்துதான் ரஜிதாவைக் கண்டுபிடித்தான்.

இவளும் போனால் பெரியப்பாவைக் குளிக்க வார்ப்பதும் உடுப்பு மாற்றுவதும் அவன் தலையில்தான். வயலோ வெட்டுக்கு நிற்கிறது.

“ஏத்தினா நான் பின்னேர பஸ்ஸில போயிடுவன் தம்பி” என்றாள் ரஜிதா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஐயா மூச்செடுக்க ஏலாமல் தவிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிக்க என்னால ஏலாது.”

போன் அடித்தது. வீடியோவில் கோகுலன்.

“டேய் விஜி, என்னடா நடக்குது அங்க? மெடிக்கல் லைனில நிக்கிற எனக்குச் சமையற்காரி வைத்தியம் படிப்பிக்கிறாவோ? ஏத்தச் சொல்லு! பிடிக்காட்டி அவள் போகட்டும். வேற ஆளைப் பிடி.”

லண்டனில் அவனுக்கு என்ன வேலை என்று ஊரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ‘மெடிக்கல் லைன்’ என்பான். டொக்டருக்கு ஒரு படி கீழே என்று ஊரே முடிவு கட்டிக்கொண்டது.

“ஓம் அண்ணை” என்று விஜிதரன் படலையைத் திறந்தான். ரஜிதா தன் பையை எடுக்கப் போனாள்.

போத்தல் வைத்திருந்த பெடியன் கட்டிலடிக்கு வந்தான். “ஐயாவுக்கு...” என்று இழுத்தான். என்ன வருத்தம் என்று கேட்கப்போகிறான் என்று விஜிதரன் நினைத்தான்.

“...வேற நல்ல சேட் இல்லையோ? வீடியோவுக்கு இது எடுபடாது.”

சட்டை மாறியது.

“உதுக்குள்ள என்ன தம்பி இருக்கு?” விஜிதரன் போத்தலைக் காட்டிக் கேட்டான்.

“எல்லாம் இருக்கண்ணை. விட்டமின், தென்பு, முகத்துக்குப் பளபளப்பு.”

“டொக்டர் ஒருத்தரும் பார்க்கிறேல்லையோ?”

“ஒன்லைனில பார்ப்பார். இண்டைக்கு அவருக்குச் சிக்னல் இல்லை.”

கோகுலன் பார்ப்பதற்காகப் போனை அலுமாரித் தட்டில் சாய்த்து வைத்தார்கள். பெடியன் வீங்கிய கையில் நரம்பைத் தேடி ஊசியை நீட்டினான். பெரியப்பா பயந்துபோய் விஜிதரனின் விரலைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது போனுக்குள் யாரோ இருமினார்கள். கோகுலனின் முகம் மறைந்தது. போனை எங்கோ அவசரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு கட்டில் தெரிந்தது. கட்டிலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். கோகுலன் அவரைப் பக்குவமாகத் தூக்கி இருத்தி, முதுகைத் தடவி, வாயைத் துடைத்துவிட்டான். ரஜிதா பெரியப்பாவுக்குச் செய்வதும் இதையேதான்.

“ஆரண்ணை அது?”

“நான் பார்க்கிற கிழவனடா.” கோகுலன் குரலைத் தாழ்த்தினான். “ஊரில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

“பாவம், நல்லா இருமுறார். பாணி மருந்து ஒரு கரண்டி குடுங்கோவன்.”

கோகுலன் பதறிவிட்டான்.

“உனக்கென்ன விசரே! டொக்டரிட்டக் கேக்காமல் ஒரு சொட்டுக் குடுத்தாலும் என்ர வேலை போயிடும்!”

பெடியன் நீட்டிய ஊசியை விஜிதரன் கையால் மறித்தான்.

“அப்ப அண்ணை, உங்கட அப்பாவுக்குக் கேக்காமல் ஏத்தினா ஆரின்ர வேலை போகும்?”