விட்டு விட்டு எரியும்

"விட்டு விட்டு எரியும்னு சொன்னியே, எங்க?" என்று கேட்டார் பண்டார மாத்தயா.

மேசை மேலிருந்த பச்சைப் பலகையில் சின்னச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. மரியரட்ணத்துக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"எரியும்ங்க ஐயா. நேத்து அக்கா வீட்டுல நல்லாத்தான் எரிஞ்சுச்சு. பிளக்கப் புடுங்கினதும் அடிச்சு வச்சதெல்லாம் அழிஞ்சு போச்சுங்க."

"அப்ப திரும்ப அடி. யாரும் சொல்லித் தரக் கூடாது."

மரியரட்ணம் கண்டியில் எலக்ட்ரோனிக்ஸ் படிப்பவன். எண்பத்தாறாம் வருட விடுமுறைக்கு, ஹட்டனில் டீச்சராக இருந்த அக்கா இசபெல்லின் வீட்டுக்கு வந்தபோது, கல்லூரியில் இரவல் வாங்கிய இந்தக் குட்டிக் கம்பியூட்டரையும் கொண்டு வந்திருந்தான்.

குறிப்பு எதுவும் கையில் இல்லை. நினைவிலிருந்து ஒவ்வொரு எண்ணாக, பலகையின் பொத்தான்களை ஒற்றைக் கையால் அழுத்தினான். விளக்கு மறுபடியும் விடாமல் எரிந்தது.

"சனியன்!"

எரிந்ததும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணைக் கூட்டினான். அப்படியேதான் எரிந்தது. இன்னும் கூட்டினான். ஒரு மாற்றமும் இல்லை. பலகையைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

கதவுக்கு வெளியிலிருந்து இசபெல்லின் குரல் கேட்டது. "தம்பி காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கலைங்க ஐயா. கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்தாச்சு டீச்சர். இதுதான் கடைசி. இல்லாட்டி கொழும்புல பாத்துக்கட்டும்."

மரியரட்ணம் பலகையிலிருந்து கையை எடுத்தான். போட்டதையெல்லாம் முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். எரிந்த பிறகு காத்திரு என்று சொல்லியிருந்தான். அணைந்த பிறகு காத்திரு என்று சொல்லவே இல்லை! அணைந்த நொடியே திரும்ப எரிந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

"அட மடையா!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, விட்டதைச் சேர்த்து அழுத்தினான்.

விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

பண்டார மாத்தயா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அப்புறம்?"

"அவ்வளவுதாங்க ஐயா. இப்படியே எரிஞ்சுக்கிட்டிருக்கும்."

"வேற ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாதுங்க."

அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது. பிறகு கதவுப் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கத்தினார்.

"கான்ஸ்டபிள், பயப்படாம உள்ள வா! இது குண்டு இல்ல, இவன் கை விலங்கக் கழட்டி வீட்டுக்கு அனுப்பு!"