ழகரம்

நான்கு வயதில் இறந்துபோன மகள் நிலானியின் பேச்சில் பூங்கோதையிடம் மிஞ்சியது ஒரே ஒரு பதிவுதான். அது சேமிக்கப்பட்டிருந்த ஒளிப்படிகத்தில் வருடா வருடம் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. பழுதுபார்க்கும் தாவூதிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எர்ரர் எல்லாத்தையும் சரி பண்ணிடட்டுமாக்கா?"

"ஒண்ணு விடாம பண்ணிடுங்க தம்பி."

அரைமணி நேரத்தில் திரையில் 'பிழை: பூஜ்யம்' என்று வந்தது. இரைச்சல் துளியும் இல்லை.

"வாழைப்பழம்," என்றாள் நிலானி, தெள்ளத்தெளிவாக.

பூங்கோதையின் முகம் வெளிறியது. "அவளுக்கு 'ழ' வராது தம்பி. வாயப்பயம்னுதான் சொல்லுவா."

தாவூத் தலைகுனிந்தான். "அதையும் மெஷின் எர்ரர்னு நெனச்சிடுச்சுக்கா. பழசு மேலயே எழுதியாச்சு. இனிமே எடுக்க முடியாது."

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதில் பூங்கோதையின் அந்நாளைய குரல் அதட்டியது: "தப்பு. மறுபடி சொல்லு."

"வாழைப்பழம்."

"எத்தன வாட்டிடி சொல்லித் தர்றது? ஒழுங்கா சொல்லு."

"வாழைப்பழம்," என்றது குழந்தை, அழுதுகொண்டே.